ரிபா: இஸ்லாத்தின் வட்டித் தடையும் உதுமானியப் பண வக்ஃப் விவாதமும்

ரிபா என்ற அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் மிகுதல், பெருகுதல் என்பதாகும். கொடுத்த கடனுக்கு மேல் கடன் வாங்கியவரிடமிருந்து பெறும் மிகையை இஸ்லாமியச் சட்டம் இச்சொல்லால் குறிக்கிறது. தமிழில் இதனை வட்டி என்றே சொல்லி வருகிறோம். ஆனால் சட்ட அறிஞர்கள் சில வகைப் பண்டமாற்றையும் ரிபாவில் அடக்கியதால் அதன் எல்லை வட்டியைவிடச் சற்று அகலமானது. இந்தத் தடை எதைக் குறிவைத்தது, பிற்காலச் சமூகங்கள் அதை எப்படிக் கடைப்பிடித்தன, எங்கே வளைத்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கா ஒரு வணிக நகரம். வேளாண்மைக்கு வழியில்லாத பள்ளத்தாக்கு அது. குறைஷிக் குலத்தாரின் ஒட்டக வணிகக் கூட்டங்கள் குளிர்காலத்திலும் கோடையிலும் பயணம் சென்றதைக் குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் குறிப்பிடுகிறது. வணிகம் இருந்த இடத்தில் கடனும் இருந்தது. தவணை முடிந்ததும் கடன் கொடுத்தவர், திருப்பித் தருகிறாயா, இல்லை தொகையைக் கூட்டுகிறாயா என்று கேட்பார். கையில் இல்லாதவர் கூட்டித் தர ஒப்புக்கொள்வார். கடன் ஒட்டகமாக இருந்தால் இந்தக் கூடுதல் எப்படி நடந்தது என்பதைக் குர்ஆன் விரிவுரையாளர் தபரி (இறப்பு 923) பதிவு செய்திருக்கிறார். ஒரு வயது நிறைந்த ஒட்டகக் கன்றைத் தர வேண்டியவர் தவணை தவறினால், அடுத்த ஆண்டு இரண்டு வயது ஒட்டகம் தர வேண்டும். மறுபடி தவறினால் மூன்று வயது, பிறகு நான்கு வயது. பணக் கடனாக இருந்தால் தொகை இரட்டிக்கும். நூறு இருநூறாகி, இருநூறு நானூறாகி, மூன்றே தவணையில் எண்ணூறில் வந்து நிற்கும். பள்ளியில் கூட்டுவட்டிக் கணக்கு நடத்தும்போது விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அந்த எண்ணூறைக் கட்ட முடியாத மனிதன் என்ன ஆனான் என்று கணக்குப் புத்தகம் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததை நினைத்தால், மக்காவின் பழக்கம் நமக்கு விளங்காத ஒன்றல்ல.

குர்ஆன் இதனைப் பல இடங்களில் பேசுகிறது. 30ஆம் அத்தியாயத்தின் 39ஆம் வசனம் ரிபாவால் இறைவனிடம் செல்வம் பெருகாது என்று மட்டும் சொல்கிறது. 3:130 பன்மடங்காகப் பெருகும் ரிபாவை உண்ண வேண்டாம் எனத் தடுக்கிறது. 2ஆம் அத்தியாயத்தின் 275 முதல் 280 வரையுள்ள வசனங்களே முழுமையான தடை. வணிகமும் ரிபா போன்றதுதானே என்ற வாதத்தை மறுத்து, வணிகம் அனுமதிக்கப்பட்டது, ரிபா தடுக்கப்பட்டது என்று அவை பிரிக்கின்றன. கொடுத்த முதல் உங்களுடையது, அநீதி செய்யவும் வேண்டாம், அநீதிக்கு உள்ளாகவும் வேண்டாம் என்பது அவற்றின் கருத்து. கடன் வாங்கியவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், தள்ளுபடி செய்வது அதனினும் மேல் என்கிறது 280ஆம் வசனம். 632இல் நபிகள் நாயகம் தம் இறுதி ஹஜ்ஜில் ஆற்றிய உரையில் பழைய ரிபாப் பாக்கிகள் அனைத்தையும் ரத்து செய்தார். முதலில் ரத்தானது அவருடைய சிறிய தந்தை அப்பாஸுக்கு வர வேண்டிய ரிபா. சட்டம் சொந்த வீட்டிலிருந்து தொடங்கியதை வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

பண்டமாற்றைப் பற்றிய ஹதீஸ்கள் இன்னும் நுட்பமானவை. பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு ஆகிய ஆறையும் அதே இனத்துக்கு மாற்றினால் சம அளவாகவும் உடனுக்குடனும் மாற்ற வேண்டும். ஒருமுறை பிலால் உயர்ந்த வகைப் பேரீச்சம்பழத்தை நபியிடம் கொண்டுவந்தார். மட்டமான பழம் இரண்டு மரக்கால் கொடுத்து இது ஒரு மரக்கால் வாங்கினேன் என்றார். இதுவே ரிபா என்று நபி தடுத்தார். மட்டப் பழத்தைப் பணத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் நல்ல பழத்தை வாங்கும்படி சொன்னார். முடிவில் கைக்கு வருவது ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் சந்தையில் விற்கும்போது இரண்டு பொருளுக்கும் விலை வெளிப்படுகிறது; ஒருவருடைய அறியாமை மற்றவருக்கு ஆதாயமாவதற்கு இடம் குறைகிறது. இது நான் புரிந்துகொண்ட விளக்கம். சட்டப் பள்ளிகள் இதற்கு வேறு வேறு காரணங்கள் கூறுகின்றன.

வட்டி இல்லாமல் முதலீடு எப்படித் திரட்டுவது? அதற்கு விடை முளாரபா என்னும் கூட்டு. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். பணம் போட்டவர் மட்டும் பத்திரமாகக் கரையேறும் ஏற்பாட்டுக்கு இதில் இடமில்லை. இடைக்கால இத்தாலியத் துறைமுகங்களில் வழங்கிய கொமெண்டா என்னும் கடல் வணிகக் கூட்டும் இதே சாயலில் இருந்தது. உழவர்களுக்கு ஸலம் என்ற முறை இருந்தது. அறுவடைக்கு முன்பே முழு விலையையும் கொடுத்துவிட்டு, அளவும் தரமும் நாளும் குறித்து, விளைச்சலைப் பின்னர் பெற்றுக்கொள்வது அது.

இந்த ஒழுங்கு கடுமையான சோதனைக்கு உள்ளானது பதினாறாம் நூற்றாண்டின் உதுமானியப் பேரரசில்தான். வக்ஃப் என்பது அறப்பணிக்காக நிரந்தரமாக ஒதுக்கிய சொத்து. அது பொதுவாக நிலமோ கட்டடமோ கடையோ ஆக இருக்கும். உதுமானியர் ஆட்சியில் பணத்தையே வக்ஃபாக எழுதிவைக்கும் வழக்கம் தோன்றியது. எதிர்னே நகரில் 1423இல் ஏற்பட்ட வக்ஃபை இதன் பழைய சான்றாகக் கூறுவர். நிலமில்லாத வணிகரும் கைவினைஞரும் வெள்ளி அக்சே நாணயங்களை ஒதுக்குவார்கள். பொறுப்பாளர் அதைக் கடனாகக் கொடுப்பார். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை வருவாய் கிடைக்கும். அதிலிருந்து பள்ளிவாசல் இமாமுக்கும் பிள்ளைகளின் ஆசிரியருக்கும் சம்பளம் போகும்.

வருவாய் நேரடி வட்டியாக எழுதப்படவில்லை. கடன் கேட்பவர் தம் வீட்டை வக்ஃபுக்கு விற்றதாக எழுதிப் பணம் பெறுவார். அதே வீட்டில் குடியிருந்து வாடகை கட்டுவார். கடனை அடைத்ததும் வீடு திரும்பி வரும். மற்றொரு வழியில், ஆயிரம் அக்சே கடன் வாங்குபவருக்கு ஓர் அங்கியை நூறு அக்சேக்குக் கடனாக விற்பார்கள். அவர் அங்கியை அன்பளிப்பாகத் திருப்பித் தருவார். நூறு அக்சே பாக்கி மட்டும் கணக்கில் நிற்கும்.

எதிர்ப்பு மேல்மட்டத்திலிருந்தே வந்தது. ஷைகுல் இஸ்லாம் பதவி வகித்திருந்த சிவிசாதே, பணம் செலவானால் தீர்ந்துபோகும், எனவே அது நிரந்தர வக்ஃபாக முடியாது என்றார். 1540களின் நடுவில் அவர் ருமேலியாவின் தலைமை நீதிபதியாக இருந்தபோது பண வக்ஃபுக்குத் தடை வந்தது. சோஃபியாவின் சூஃபி பாலி எஃபெந்தி இதை மறுத்துக் கடிதங்கள் எழுதினார். பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் இந்த வருவாயில் நடக்கின்றன, தடுத்தால் அவை பாழாகும் என்பது அவர் வாதம். அப்போதைய ஷைகுல் இஸ்லாம் அபூசுஊத் எஃபெந்தி (பதவிக்காலம் 1545–1574) பண வக்ஃபை ஆதரித்துத் தனி நூலே எழுதினார். மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் பழக்கம், ஹனஃபிச் சட்டப் பள்ளியின் முன்னோர் ஸுஃபர் தந்த அனுமதி ஆகியன அவருக்குத் துணை நின்றன. சிவிசாதே 1547இல் மறைந்தார். 1548இல் தடை நீங்கியது. பிர்கி என்ற சிற்றூரில் பாடம் நடத்திய பிர்கிவி (இறப்பு 1573) அதன் பிறகும் விடவில்லை. ஊர்ப்பழக்கம் வேதக் கட்டளையை மாற்றாது என்று அபூசுஊதுக்கு எதிராக நூல் எழுதினார்.

இரு தரப்பிலும் நேர்மை இருந்தது என்பதே என் கருத்து. அபூசுஊத் தன் பைக்காகப் பேசவில்லை. வட்டிக்கடைக்காரரிடம் சிக்காமல் குறைந்த விகிதத்தில் கடன் கிடைப்பதும் பள்ளிக்கூடம் நடப்பதும் நல்லவையே. ஆயினும் அந்த அங்கியை நினைத்தால் பிர்கிவியின் கோபம் புரிகிறது. யாரும் உடுத்தாத அந்தத் துணியில் வணிகம் எங்கே இருக்கிறது?

அதே கேள்வி நம் காலத்திலும் எழுந்தது. எகிப்தின் நைல் கழிமுகத்திலுள்ள மித் கம்ர் நகரில், ஜெர்மனியில் படித்துத் திரும்பிய பொருளியலாளர் அகமது அல் நஜ்ஜார் 1963இல் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். ஜெர்மனியின் உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளே அவருக்கு முன்மாதிரி. வைப்புக்கு வட்டி கிடையாது. சேமித்த உழவருக்கும் சிறு வணிகருக்கும் வட்டியில்லாக் கடன் கிடைத்தது. முதலீட்டுக் கணக்கில் இலாபமும் நட்டமும் பங்கிடப்பட்டன. நாசர் அரசின் கெடுபிடிக்கு அஞ்சி, இது இஸ்லாமிய வங்கி என்று பறைசாற்றாமலே நடத்தினார்கள். அந்த முயற்சி 1967இல் முடிவுக்கு வந்தது. 1975இல் துபாய் இஸ்லாமிய வங்கியும் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் தோன்றின. வங்கி வட்டி ரிபாவா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்துவிடவில்லை. 1965இல் அல் அஸ்ஹரின் ஆய்வுக் கழகம் எல்லா வட்டியும் ரிபாவே என்றது. 1989இல் எகிப்தின் முஃப்தி தன்தாவி அரசு முதலீட்டுச் சான்றிதழ்களின் வருவாயை ஆகுமானது என்றார்.

இன்றைய இஸ்லாமிய வங்கிகளில் பரவலாக நடப்பது, அல் நஜ்ஜார் முயன்ற பங்குமுறை அன்று. முராபஹா என்னும் தவணை விற்பனை. வங்கி பொருளை வாங்கி, இலாபம் சேர்த்து, தவணையில் விற்கிறது. உதுமானிய அங்கியின் நிழல் இதில் தெரிகிறது என்று விமர்சகர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இங்கே வங்கி பொருளை முதலில் தன் உடைமையாக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை அழிவு வந்தால் நட்டம் வங்கிக்கே. விலை ஒருமுறை பேசி முடிந்தபின் தவணை தாமதமானாலும் அதைக் கூட்டக் கூடாது. தாமதத்துக்காகப் பல வங்கிகள் வாங்கும் தொகையும் வங்கியின் வருவாயில் சேராமல் அறப்பணிக்குப் போகிறது. ஆண்டு கடந்தாலும் ஒட்டகத்தின் வயது அங்கே ஏறுவதில்லை.