எராஸ்மஸ்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இது இப்போது ஏறக்குறையப் பொதுச்சொல். இத்தாலியிலோ ஸ்பெயினிலோ ஒரு மாணவர் 'எராஸ்மஸ் செய்கிறேன்' என்றால், உதவித்தொகை பெற்று வேறொரு நாட்டில் சில மாதங்கள் படிக்கப் போகிறார் என்று பொருள்.

மாணவர்கள் நாடு விட்டு நாடு சென்று படிக்க 1987இல் தொடங்கிய திட்டத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள் சேர்ந்தே 'எராஸ்மஸ்' ஆயின. இது தற்செயல் அல்ல. ரோட்டர்டாமைச் சேர்ந்த அறிஞர் எராஸ்மஸ் நினைவுக்கு வரும்படியே அந்தப் பெயர் கோக்கப்பட்டது. பாரிஸ், டூரின், கேம்பிரிட்ஜ், லூவன், பாசல் என்று படித்தும் கற்பித்தும் எழுதியும் வாழ்ந்தவர் அவர். 1536இல் பாசலில் இறந்தார். பாரிஸுக்குப் படிக்கப் போனபோது காம்ப்ரே ஆயர் தருவதாகச் சொன்ன பணம் ஒழுங்காக வரவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இலத்தீன் சொல்லிக்கொடுத்துத்தான் காலம் தள்ளினார். உதவித்தொகை தாமதமானால் படிப்பு என்னவாகும் என்பதைப் பட்டறிந்தவர். இத்திட்டத்துக்கு இவரைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பெயரின் வேர் கிரேக்கம்: 'எராஸ்மியோஸ்' என்றால் அன்புக்குரியவர். அவர் தாமே முன்னால் சேர்த்துக்கொண்ட 'டெசிடேரியஸ்' என்னும் இலத்தீன் பெயருக்கு விரும்பப்பட்டவர் என்று பொருள். இரு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே பெயர்.

2004இல் 'எராஸ்மஸ் முண்டஸ்' வந்தது. இலத்தீனில் முண்டஸ் என்றால் உலகம். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் கதவு திறந்தது அப்போதுதான்; இந்திய மாணவர்கள் இன்று முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பது இந்தப் பிரிவில்தான். ஒரே பட்டப்படிப்பை இரண்டு மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்கலாம்.