கிழித்த துணியிலிருந்து ஒரு சட்டை

போன மாசம் ஒரு சட்டை வாங்கினேன். தைத்தது திருப்பூரில். "மீட்டெடுத்த ஆர்கானிக் பருத்தி" என்று அட்டை தொங்கியது. புது ஐடியா போல என்று தேட ஆரம்பித்தால், கதை 1813-க்குப் போகிறது.

அந்த வருஷம் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணியைக் கிழித்து இழையாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்றார். பெயர் ஷாடி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஷாடி சீருடைகள் சீக்கிரமே பிய்ந்துபோக, அந்தச் சொல்லுக்கே 'மட்டமானது' என்று அர்த்தம் வந்துவிட்டது!

பருத்தியில் இது லேசில் நடக்கவில்லை. கிழித்தால் இழை குட்டையாகிவிடும், நூல் நிற்காது. கந்தல் பருத்தி பெரும்பாலும் காகித ஆலைக்குத்தான் போனது. 1967-ல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஓப்பன் எண்ட் நூற்பு இயந்திரம் வந்தது. வேகமாகச் சுழலும் ரோட்டர், குட்டை இழையையும் நூலாக்கிவிடும்.

திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டுக்கு இது தோதான வழி. துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துக் கிழித்தால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. நொய்யல் மாசுபட்டதற்காக 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். என் கணக்கில், மிச்சமாகும் பஞ்சைவிட மிச்சமாகும் சாயம்தான் பெரிய விஷயம்.

ஆனால் குட்டை இழைப் பிரச்சினை தீரவில்லை. வலுவுக்குப் புதுப் பருத்தியோ பாலியஸ்டரோ கலந்தாக வேண்டும். என் சட்டையின் உள் லேபிளைத் திருப்பினேன்: 40 சதவீதம் பாலியஸ்டர். இதை அடுத்த முறை கிழித்தால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு.