சிறுத்தைப் பல்லியின் ஈரப் பொந்து

ஈரப் பொந்து என்பது வளர்ப்புப் பல்லியின் கண்ணாடித் தொட்டிக்குள் வைக்கப்படும், ஈரப் படுகை நிரப்பிய மூடிய பெட்டி. பல்லி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தால் போதும். சாப்பாட்டு டப்பாவில்கூட வெட்டிக்கொள்ளலாம். உலகெங்கும் வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லிக்கு (யூப்ளெஃபாரிஸ் மாகுலாரியஸ்) இது இன்றியமையாதது.

1854இல் எட்வர்ட் பிளைத் பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு இந்த இனத்தை விவரித்தார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட, பாறை மிகுந்த நிலமே இதன் தாயகம். அதனால் ஈரமே தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இது பகல் முழுவதும் கல்லிடுக்கிலும் வளையிலும் கிடக்கும் விலங்கு. அங்கே வெளியைவிட ஈரம் அதிகம். தொட்டியின் பொதுவான ஈரப்பதம் 30 முதல் 40 விழுக்காடும், பொந்துக்குள் 70 முதல் 80 விழுக்காடும் இருப்பது நல்லது.

பல்லி அவ்வப்போது தோலை உரித்து, உரித்ததைத் தின்றுவிடும். ஈரம் போதாவிட்டால் விரல் நுனிகளிலும் கண்ணோரத்திலும் பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். விரலைச் சுற்றி வளையமாக இறுகும் தோல் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, நாளடைவில் விரலையே உதிரச் செய்துவிடும். அதைக் காய்ந்த நிலையில் பிடுங்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பிறகே மெல்ல நீக்க வேண்டும்.

படுகைகளில் முதலிடம் ஸ்பாக்னம் பாசிக்கு. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் நீள இழைப் பாசிதான் இது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிவைத்து மெதுவாக விடும். அமிலத் தன்மையால் எளிதில் அழுகாது. சாயமேற்றிய அலங்காரப் பாசி வேண்டாம். ஸ்பாக்னத்தில் இருக்கக்கூடிய ஒருவகைப் பூஞ்சை மனிதரின் தோல் காயம் வழியே தொற்றும் என்பதால், கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் கையுறை அணிவது நல்லது.

தென்னை நார்க்கழிவு, அதாவது பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிகளாக ஏற்றுமதியாகும் அதே பொருள், தோண்டும் பல்லிக்கு ஏற்றது. கழுவாத நார்க்கழிவில் உப்பு மிகுதி. கழுவிய சரக்கையே வாங்க வேண்டும். ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டையிட்டுப் புதைக்கும் பெண் பல்லிக்கு, பாசியைவிட இதுவே தோது. ஆனால் துகள் இரையோடு வயிற்றுக்குள் போகும். பாசி இழைக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே ஈரப் பொந்துக்குள் இரை போடக் கூடாது.

குஞ்சுகளுக்கும் நோயுற்றவற்றுக்கும் புதிதாக வாங்கிவந்தவற்றுக்கும் வெறும் டிஷ்யூ பேப்பரே மேல். சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது மட்டும்தான் குறை. கழிவின் நிறமும் தன்மையும் அதில் தெளிவாகத் தெரியும். நாள்தோறும் மாற்றினாலும் செலவில்லை. மணல் ஈரத்தைத் தாங்காது. தேவதாரு, பைன் மரச்சீவல்களின் எண்ணெய் வாடை மூச்சுக்குழலை உறுத்தும். உரம் கலந்த தோட்ட மண்ணையும் ஒதுக்கிவிடலாம்.

எதை நிரப்பினாலும் கைநிறைய எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. பெட்டியைத் தொட்டியின் வெதுவெதுப்பான பக்கத்தில் வைக்க வேண்டும். குளிர்ந்த ஈரம் சளியைத்தான் தரும். பூஞ்சை வாடை அடித்தால் மேலாக அள்ளிப் போடுவது போதாது: படுகை முழுவதையும் கொட்டி, பெட்டியைக் கழுவிக் காயவைத்து, புதிதாக நிரப்ப வேண்டும்.