விகிதம் எதற்கு?

"விகிதம் எதற்கு, ஐயா?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் வினவினான். அன்று விடையின்றி நின்றேன்.

குரலின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றியே கணினி பதிவு செய்கிறது. அக்கால மாஸ் சில்லுகளில் துல்லியமான மின்தடைகளை அமைப்பது கடினம். 1975இல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்கிரியரியும் பால் கிரேயும் மின்தேக்கிகளை நாடினர். 1, 2, 4 எனப் பெருகி 512 வரையிலான பத்து அளவுகள், தராசுப் படிக்கற்கள்போல் மின்னழுத்தத்தை நிறுத்தன. பெரியதை முதலில் வைப்பர், மிகுந்தால் எடுப்பர். பத்தே ஒப்பீடுகளில் விடை கிட்டும்.

எல்லா மின்தேக்கிகளும் ஒருசேரச் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கேடில்லை. விகிதம் பிறழ்ந்தால் அளவீடு பிழையாகும். துல்லியத்தை ஒரு பிட் உயர்த்தினால் அவை அடைக்கும் இடம் இருமடங்காகும். இடம் மிச்சப்படுத்த அவற்றைச் சிறிதாக்கினால் விகிதம் காப்பது அரிது. பொறியாளர்களின் இப்போராட்டம் இன்றும் தொடர்கிறது.

நாளை அம்மாணவனுக்கு இவ்விடையைச் சொல்வேன்.