ஏடு ஏடாய் ஓர் உருக்கு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். மெட்டலர்ஜி படித்தவன் வேறு எதை எழுதப்போகிறேன்? பெர்லைட்டைப் பற்றித்தான்! சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க. உங்கள் தொங்குபாலமும் ஸ்பிரிங்கும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

1863-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்பவர் உருக்குத் துண்டைப் பாலிஷ் செய்து, அமிலத்தில் லேசாக அரிக்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதில் ஒரு பகுதி முத்துச்சிப்பியின் உட்புறம் மாதிரி மின்னியது. 1880-களில் உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மென்மையான ஃபெரைட், கடினமான சிமென்டைட் என்று மெல்லிய ஏடுகள் மாறி மாறி அடுக்கியிருந்தன. சுமார் 0.8 சதவீதம் கார்பன் உள்ள உருக்கு 727 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே ஆறும்போது இந்த அடுக்கு தானாகவே உருவாகிறது. முத்தின் பெயரே பெர்லைட் என்று நிலைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஏடுகளை யாரும் பார்ப்பதற்கு முன்பே அதை வைத்து ஒருவர் தொழில் நடத்தினார். ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் 1854-ல் காப்புரிமை பெற்ற முறையில், சூடேற்றிய கம்பியை உருகிய ஈயத்தில் ஆற்றினார்கள். ஏடுகள் மிக நெருக்கமாக அமைந்தன. கம்பியை டையில் இழுக்க இழுக்க அறுந்துபோகாமல் வலுத்தது. பியானோக் கம்பிகள் இப்படித்தான் வந்தன. அந்த முறைக்கு இன்றும் 'பேட்டன்டிங்' என்றே பெயர்.

அடுத்து நியூயார்க்கின் புரூக்ளின் பாலம். அதன் கேபிள்களுக்கு உருக்குக் கம்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1878-ல் குட்டு வெளிப்பட்டது. சோதனையில் தேறிய கம்பிச் சுருள்களை வழியிலேயே மாற்றி, கழித்த சரக்கை கான்ட்ராக்டர் பாலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கேபிளில் ஏறிவிட்ட கம்பியை இனி எடுக்க முடியாது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் முதலிலேயே தாராளமாகக் கணக்குப் போட்டிருந்ததால் பிழைத்தார்கள். ஒவ்வொரு கேபிளிலும் சுமார் 150 கம்பிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. 1883-ல் திறந்த பாலம் இன்றும் நிற்கிறது, மோசடிக் கம்பியையும் சுமந்துகொண்டு!

சரி, இழுத்தால் ஏன் வலுக்கிறது? 1934-ல் டெய்லர், ஓரோவான், போலான்யி மூவரும் தனித்தனியே டிஸ்லொகேஷன் கருத்தை முன்வைத்தார்கள். படிகத்தினுள் இந்தக் குறைகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. பெர்லைட்டில் அவை ஃபெரைட் ஏட்டுக்குள் நடமாடி, சிமென்டைட் சுவரில் முட்டி நிற்கின்றன. கம்பியை இழுக்கும்போது ஏடுகள் கம்பியின் நீளவாட்டில் திரும்பி மெலிகின்றன, சுவர்கள் நெருங்குகின்றன. 1966-ல் எம்பரியும் ஃபிஷரும் இதற்கு ஒரு கணக்கே கொடுத்தார்கள். இடைவெளி கால் பங்கானால் அதனால் வரும் பலம் இரட்டிப்பாகும். தடிமனாக இருந்தால் நொறுங்கும் சிமென்டைட்கூட, மெலிந்துவிட்டால் வளைந்துகொடுக்கும்.

1998-ல் திறந்த ஜப்பானின் அகாஷி பாலத்துக் கம்பி 1800 மெகாபாஸ்கல் தாங்கும். 2014-ல் ஆய்வுக்கூடத்தில் மிகக் கடுமையாக இழுத்த கம்பி 7000 வரை எட்டியது. அந்த நிலையில் சிமென்டைட்டே கரைந்து, கார்பன் இரும்புக்குள் போய்விடுகிறது. சார்பி பார்த்த ஏடுகள் அங்கே இல்லை!

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நல்ல கம்பியும் கெட்ட கம்பியும் வெறும் கண்ணுக்கு ஒன்றுதான். டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன், சோதித்த சுருள்தான் சைட்டுக்குப் போகிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள்.