ஸ்டெபிலைசர் இருந்தும் டிவி எரிஞ்சு போவது ஏன்? இதை முதல்ல செக் பண்ணுங்க!

இடி மழை ஓய்ந்த மறுநாள் டிவி ஆன் ஆகலைன்னா, பலரும் கேட்கும் கேள்வி இதுதான்: "ஸ்டெபிலைசர் போட்டிருந்தோமே, அப்புறம் எப்படி?" காரணம் சிம்பிள். ஸ்டெபிலைசரின் வேலை வேறு, மின்னலைத் தாங்கும் வேலை வேறு.

ஸ்டெபிலைசர் என்ன செய்யும்?

வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அது 180-க்கு இறங்கினாலும் 260-க்கு ஏறினாலும் ஸ்டெபிலைசர் சரிசெய்யும். ஆனால் இதற்குச் சில மில்லி செகண்டுகள் ஆகும். மின்னலால் வரும் 'சர்ஜ்' மைக்ரோ செகண்டுகளில் பாய்ந்து முடிந்துவிடும். இப்போதைய எல்.இ.டி டிவி பலவற்றின் பின்னால் 100-240V என்று போட்டிருக்கும். அதாவது, லோ வோல்டேஜை டிவியே சமாளிக்கும். ஆபத்து மேலே ஏறும்போதுதான்.

சர்ஜ் புரொடெக்டர் எதற்கு?

இதற்குள் 'எம்.ஓ.வி' என்ற சின்ன பாகம் இருக்கும். வோல்டேஜ் திடீரென எகிறினால், கூடுதல் மின்சாரத்தை டிவிக்குப் போகவிடாமல் திருப்பிவிடும். ஒவ்வொரு அடிக்கும் இது பலமிழக்கும். புரொடெக்‌ஷன் லைட் அணைந்துவிட்டால் புதுசு மாத்தணும். நாலு சாக்கெட் இருப்பதெல்லாம் சர்ஜ் புரொடெக்டர் இல்லை. எத்தனை 'ஜூல்' தாங்கும் என்று போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க.

எர்த் இல்லைன்னா?

திருப்பிவிட்ட மின்சாரம் போய்ச் சேர எர்த் வேணும். வீட்டில் எர்த் சரியில்லை, அல்லது மூணு பின் பிளக்கை ரெண்டு பின் ஆக்கி மாட்டியிருக்கீங்கன்னா, விலை உயர்ந்த புரொடெக்டரும் முழுசாகக் காப்பாற்றாது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை எர்த் டெஸ்ட் செய்வது நல்லது.

கேபிள் வழியாகவும் வரும்!

டிஷ் ஒயர், கேபிள் ஒயர், இன்டர்நெட் ஒயர் வழியாகவும் சர்ஜ் வந்து, செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குத் தாவலாம். இடி வரும்னு தெரிந்தால் முன்கூட்டியே பிளக், கேபிள் எல்லாத்தையும் கழற்றுங்க. ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணினா போதாது. இடி ஆரம்பித்த பிறகு ஒயர்களைத் தொட வேண்டாம். பக்கத்திலேயே மின்னல் விழுந்தால் எந்தப் பாக்ஸையும் முழுசாக நம்ப முடியாது.

நியூட்ரல் கட் ஆனால்?

ஒரு ரூம்ல லைட் ரொம்ப பிரகாசமாகவும், இன்னொரு ரூம்ல மங்கலாகவும் எரிகிறதா? நியூட்ரல் கட் ஆகியிருக்கலாம். வோல்டேஜ் 400-ஐ நெருங்கக்கூடும். இதை சர்ஜ் புரொடெக்டர் தாங்காது. உடனே மெயினை ஆஃப் பண்ணிட்டு, மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் சொல்லுங்க. வோல்டேஜ் எகிறினால் தானாக கட் ஆகும் கருவியும் கிடைக்கிறது.

பவர் கண்டிஷனர் வாங்கணுமா?

இது சர்ஜ் பாதுகாப்போடு மின்சாரத்தில் வரும் இரைச்சலையும் வடிகட்டும். பெரிய ஆம்ப்ளிபயர், ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவலாம். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற சத்தம் வந்தால், முதலில் டிவி, ஆம்ப்ளிபயர் இரண்டையும் ஒரே போர்டில் மாட்டிப் பாருங்க. செலவில்லாமலே சரியாகிவிடலாம்.

ஆக, முதல் செலவு எர்த்துக்கு. அடுத்து சர்ஜ் புரொடெக்டர். உங்க ஏரியாவில் அடிக்கடி ஹை வோல்டேஜ் வந்தால் மட்டும் ஸ்டெபிலைசர். கண்டிஷனர் கடைசிதான்.