சோழர் தலைநகரும் வழிப்போக்கர் தங்கலும்

ஜெயங்கொண்டத்தை அடுத்துள்ள கங்கைகொண்டசோழபுரம், முதலாம் ராஜேந்திரன் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைத்த நாள் முதல், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழர் ஆட்சி முடிவுறும் வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராக விளங்கியது. அரசுப் பணிக்கும் வாணிகத்துக்கும் அங்கு வந்தவர்கள் எங்கே தங்கியிருப்பார்கள் என்ற கேள்வி, அவ்வூர்ப் பெரிய கோயிலின் புகழுக்கிடையே எழாமலே போய்விடுகிறது.

சோழர் காலத்தில் தங்குமிடம் என்பது பணத்தை விட, வருபவர் யார், யாரைச் சார்ந்தவர் என்பதைப் பொறுத்தே அமைந்தது. அடியார்க்கும் துறவியர்க்கும் மடங்கள் இருந்தன. நிலக்கொடையின் வருவாயைக் கொண்டு வழிப்போக்கர்க்கு உணவளித்த அறநிலையங்கள் சாலை எனப்பட்டன. வணிகர்க்கோ அவர்களது குழுவே துணை. ஐந்நூற்றுவர் எனப்பட்ட வணிகக் குழுவினர், காவல் வீரர்களோடு கூடிய எறிவீரப்பட்டினங்கள் என்னும் பாதுகாப்பான வணிக ஊர்களைப் பெற்றிருந்ததோடு, 1088இல் சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் தமிழ்க் கல்வெட்டு நிறுத்தும் அளவுக்குக் கடல் கடந்தும் தம் தொடர்பை நிலைநாட்டியிருந்தனர். அயல்நாட்டுத் தூதர்களை எதிர்கொண்டது அரசவை. கடாரத்து அரசனின் தூதர் இருவர், நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்குரிய ஊர்கள் தொடர்பாக முதலாம் குலோத்துங்கனிடம் வேண்டுகோள் வைத்ததைச் சிறிய லெய்டன் செப்பேடு பதிவு செய்கிறது.

இத்தகையோர் வந்துபோன தலைநகரின் அரண்மனைப் பகுதியாகிய மாளிகைமேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 1980 முதல் நடத்திய அகழாய்வுகளில் செங்கற்சுவர்களும், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அந்தப் பீங்கான் துண்டுகளே இங்கு மிகவும் பொருட்படுத்தத் தக்கவை. கடல்வழி வந்த பண்டம் காவிரிச் சமவெளியைக் கடந்து அரண்மனை வரை வந்து சேர்ந்தது என்பதை அவை ஐயமின்றிக் காட்டுகின்றன. செங்கல்லும் மரமும் கொண்டு எழுந்த வீடுகளும் தங்குமிடங்களும் நிலைத்திருக்க வழியில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் கருங்கல் மதிலே பெயர்த்தெடுக்கப்பட்டது என்றால், ஏனையவற்றின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. மீளாத இழப்பு அது.

வாடகை செலுத்தும் எவர்க்கும் அறை தரும் பெருவிடுதி, தமிழகத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் வேரூன்றியது. சென்னையில் 1854இல் இம்பீரியல் ஹோட்டலாகத் தொடங்கிய விடுதி, 1890இல் ஆளுநர் கன்னிமரா பிரபுவின் பெயரைப் பெற்றது. ஐ.டி.சி. நிறுவனம் விடுதித் தொழிலில் இறங்கிய 1975ஆம் ஆண்டில் சென்னையில் வாங்கிய முதல் விடுதிக்குச் சோழா என்று பெயரிட்டது; 2012இல் கிண்டியில் அதே நிறுவனம் திறந்த கிராண்ட் சோழா, 600 அறைகளுடன், சோழர் கோயிற்கலையைத் தழுவிய தூண்களையும் வேலைப்பாடுகளையும் கொண்டெழுந்தது. தூதர்க்கு அரசவையும் வணிகர்க்குக் குழுவும் தனித்தனியே அளித்த இடத்தை இன்றைய வணிக விடுதி ஒரே கூரையின்கீழ் விலைக்குத் தருகிறது. ஆகவே அதன் உண்மையான முன்னோரைத் தேட வேண்டிய இடம் கோயில் விமானத்தைக் காட்டிலும், மாளிகைமேட்டின் அகழ்குழிகளும் வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளுமே ஆகும்.